மாமாவுக்கு அப்புறம் ஒரு கமா

உக்காருங்க சார், தாராளமா உக்காருங்க. நான் சிவகாசியில எறங்கிருவேன், அப்புறம் ரெண்டு சீட்டும் உங்களுக்குத்தான். சாத்தூரா நீங்க? நல்லது. கையில என்ன, பிள்ளைக்கு வாங்கின புத்தகமா? குடுங்க பார்ப்போம்.

கரடி. டி.வி.யில ஞாயித்துக்கெழமை வருமே, அந்தப் பொம்மைதானே? பாத்தீங்களா, அட்டையிலயே "கரடி குட்டி"ன்னு போட்டுருக்கான். "கரடிக்குட்டி" சார். நடுவுல ஒரு க் வரணும். அந்த க் எங்க போச்சு, தேனெடுக்கப் போயிருச்சா? சரி, யாரு எழுதினதுன்னு பாருங்க. தேடுங்க, தேடுங்க. டி.வி. பேரு இருக்கும், படம் வரைஞ்சவர் பேரு இருக்கும், பொம்மை செஞ்சவர் பேரு இருக்கும். எழுதினவன் பேரு இருக்காது. எனக்குத் தெரியாதா? இந்த மாதிரி நாப்பத்தி மூணு புத்தகம் எழுதினவன் நான்.

பெட்டி மாமா. கேள்விப்பட்டிருக்கீங்களா? மீசை வெச்ச துணிப் பொம்மை, தலையில சிவப்புத் துண்டு. தகரப் பெட்டிக்குள்ள இருந்து எந்திரிச்சு வரும். அரை மணி நேரம் ஆடும், பாடும், பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும். கடைசியில, "மாமாவுக்குத் தூக்கம் வருது, பூட்டுங்க பெட்டிய!"ன்னுட்டு உள்ள படுத்துக்கும். டி.வி. முன்னாடி உக்காந்திருக்கிற அத்தனை பிள்ளைகளும் "பூட்டு! பூட்டு!"ன்னு கத்தும். அந்தப் பொம்மைய வெச்சே ஒரு குடும்பப் படமும் எடுத்தாங்க. அதுவும் நல்லா ஓடுச்சு.

நான் சிவகாசியில ஒரு பதிப்பகத்துல புரூஃப் ரீடர். அருணகிரின்னு பேரு. முப்பத்தோரு வருஷம். மொதலாளி தங்கப்பழம் அண்ணாச்சி, டி.வி.காரங்ககிட்டயும் படக்காரங்ககிட்டயும் பேசி, பெட்டி மாமாவைப் புத்தகமாப் போட உரிமை வாங்கிட்டு வந்துட்டார். எழுத ஆள் தேடினார். "ஏன் அண்ணாச்சி, ஊருல உள்ளவன் எழுதினதையெல்லாம் திருத்துறேன், எனக்கு எழுத வராதா?"ன்னேன். "சரிய்யா, எழுதித்தான் பாரேன்"னார். பெட்டி மாமா பல் தேய்க்கிறார், பெட்டி மாமா ஊசி போட்டுக்கிறார், படத்துல வர்ற அந்தத் திருடன் கதை, எல்லாம் நான் எழுதினதுதான். புத்தகம் பிச்சுக்கிட்டுப் போச்சு. அட்டையில என்ன போட்டார் தெரியுமா? "எழுதியவர்: பெட்டி மாமா." பொம்மை எழுதுமா சார்? பஞ்சடைச்ச கையி! கேட்டா, "பிள்ளைக அதைத்தான்யா நம்பும், அருணகிரின்னா யாருக்குத் தெரியும்?"ங்கிறார். என் வீட்டுக்காரியே ஒருநாள் கேட்டுட்டா, "நெசமாவே நீங்கதான் எழுதுறீகளா?"ன்னு. வயிறு எரியுமா எரியாதா?

சரி, அத விடுங்க. ஒவ்வொரு புத்தகத்துலயும் கடைசிப் பக்கம் "மாமாவுக்கு மடல்". பிள்ளைக கடுதாசி போடும், மாமா பதில் சொல்வார். மாமான்னா நாந்தான். பின்பக்கம் வீட்டு விலாசம் எழுதி அனுப்பினா ஒரு ஸ்டிக்கர் உண்டு. மூட்டை மூட்டையா வரும் சார் கடுதாசி. அதுல அண்ணாச்சி எனக்கு ஒரு சட்டம் போட்டிருந்தார். "பிள்ளைக எழுத்துல கை வைக்காதே அருணகிரி. தப்பும் தவறுமா இருந்தாத்தான் அழகு. புள்ளி, கமா மட்டும் போட்டுக்கோ, இல்லேன்னா வாசிக்க முடியாது." அதுதான் வழக்கம். எழுத்தைத் தொடக் கூடாது, குறி மட்டும் போடலாம். எனக்கு அது தொண்டையில முள்ளாட்டம். "பள்ளிகூடம்"னு ஒரு பிள்ளை எழுதும், க் போடக் கை துறுதுறுங்கும். போட மாட்டேன். சட்டம்னா சட்டம்.

போன வருஷம் ஒரு கடுதாசி வந்துச்சு. சுபலெட்சுமின்னு ஒரு பிள்ளை, மூணாம் வகுப்பு, ராஜபாளையம் பக்கம். ரூல் போட்ட நோட்டுத் தாள். பிள்ளைக எங்க புள்ளி வைக்குது? ஒரே மூச்சுல எழுதியிருந்துச்சு. நான் எப்படி அச்சுக்குக் குடுத்தேன்னா, "மாமா, பெட்டிக்குள்ள போட்டு பூட்டுறாங்க. உள்ள இருட்டா இருக்கு. மூச்சு முட்டுது. அழுதா தெறக்க மாட்டாங்க. அம்மாகிட்ட சொல்ல கூடாது." அவ்வளவுதான் கடுதாசி.

அடடான்னு மெச்சிட்டேன் சார்! எல்லாப் பிள்ளையும் "மாமா சௌக்கியமா, ஸ்டிக்கர் அனுப்புங்க"ன்னு எழுதும். இது பொம்மையாவே மாறி எழுதியிருக்கே, என்ன கற்பனை, என்ன இரக்கம்னு நெனச்சேன். சிறந்த மடல்னு கட்டம் கட்டிப் போட்டேன். பதில் எழுதினேன் பாருங்க: "அன்புள்ள சுபலெட்சுமி, மாமாவுக்கு இருட்டுன்னா பயமே இல்லை. பெட்டிதான் மாமாவோட வீடு, உள்ளே ஜம்முன்னு இருக்கும். நீயும் ஒரு நாள் பெட்டிக்குள்ளே வந்து பார்!" நல்ல பதில்தானே? பரிசா அந்த மடல் வந்த புத்தகத்தையே அந்தப் பிள்ளை வீட்டுக்கு ரிஜிஸ்தர் தபால்ல அனுப்பி வெச்சோம். அதோட தாய்மாமன் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கார். குருசாமின்னு பேரு.

கண்டக்டர், சிவகாசி ஒண்ணு. சில்லறை இருக்கு, இந்தாங்க.

எங்க விட்டேன்? ஆமா, புத்தகம் போச்சா. அதுக்கு மூணாவது வாரம் அந்தப் பிள்ளை செத்துப் போச்சு சார்.

அதேதான். பெட்டிக்குள்ள. தகப்பன் இல்லாத வீடு. தாய் ராமத்தாய் பஞ்சாலைக்கு வேலைக்குப் போறவங்க, ரெண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டுத் தன் தம்பி குருசாமி வீட்லதான் இருந்தாங்க. லீவு நாள். தாய் மத்தியானம் மில்லுல இருக்கு. சாயங்காலம் வந்து, எங்க மூத்தவளக் காணோம்னு தேடினா, உள்ரூம்ல டிரங்குப் பெட்டிக்குள்ள கெடக்கு. பக்கத்துல என் புத்தகம். "பெட்டி மாமா விளையாட்டு விளையாடி உள்ள படுத்திருக்கா, மூடி விழுந்து கொக்கி மாட்டிக்கிச்சு, நான் தோட்டத்துல இருந்தேன்"னு குருசாமி சொல்லிட்டார். மறுநாள் பேப்பர்ல கொட்டை எழுத்துல போட்டான், பொம்மைப் புத்தகம் படித்த சிறுமி பலின்னு.

அவ்வளவுதான் சார். டி.வி.யில பொம்மைய நிறுத்திட்டாங்க. படக்காரங்க எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைன்னுட்டாங்க. கடைகள்ல இருந்து புத்தகமெல்லாம் திரும்பி வந்துச்சு. அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். "உள்ளே வந்து பாருன்னு எழுதுவியாய்யா? நீயும் மனுசனா?"ன்னார். "நாளையில இருந்து வராதே"ன்னுட்டார். முப்பத்தோரு வருஷம் சார்! ஒரு பிழை போனதில்லை. காலண்டர்ல கூட ஒரு திதி மாறினதில்லை. நாப்பத்தி மூணு புத்தகத்துக்கும் என் பேரப் போடலை, பழி வந்தப்போ மட்டும் எழுதினவன் அருணகிரின்னு ஞாபகம் வந்துருச்சு பாத்தீங்களா!

என் பேனா, ஸ்கேலு, அகராதி எல்லாத்தையும் ஒரு பையில அள்ளிக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. மத்தவங்க அச்சானதும் மூலத்தை மூட்டை கட்டிப் பழைய பேப்பருக்குப் போட்டுருவாங்க, நான் வெச்சுக்குவேன். நாளைக்கு ஒருத்தன் பிழைன்னு வந்தா மூலத்துல எப்படி இருந்துச்சுன்னு காட்டணுமில்ல? அந்தக் கடுதாசியும் இருந்துச்சு. எடுத்து அச்சுப் பக்கத்தோட வெச்சு ஒத்துப் பாத்தேன். சும்மா, கைப்பழக்கம். ஒவ்வொரு எழுத்தாப் பாத்தேன். எல்லாம் சரி. "தெறக்க", "சொல்ல கூடாது", எல்லாம் அது எழுதினபடியே இருக்கு. கமா மட்டும் இல்ல.

புரியலையா? மூலத்துல மாமாவுக்கு அப்புறம் கமா இல்ல சார். நான் போட்டது. "மாமா பெட்டிக்குள்ள போட்டு பூட்டுறாங்க." நம்ம பக்கம் பிள்ளைக பெரியவங்கள எப்படிச் சொல்லும்? மாமா வந்தாங்க, மாமா போனாங்க. மாமா அடிக்கிறாங்க. யாரைப் பூட்டுறாங்கன்னு அது எழுதல. எழுதணும்னு தோணியிருக்காது, தன்னைத்தானே சொல்லுது. பொம்மையத்தான் சொல்லுதுன்னு நானா நெனச்சுக்கிட்டேன்.

சோறு எறங்கலை சார் அன்னைக்கு. பொய் சொல்லுவானேன். ரெண்டு நாள் வாந்தியா எடுத்தேன். வீட்டுக்காரி பித்தம்னு சொல்லி இஞ்சிச் சாறு குடுத்தா. இவகிட்ட எப்படிச் சொல்றது? ஒரு புரூஃப் ரீடர், தன் கையால, கட்டம் கட்டின எடத்துல, தப்பாக் கமா போட்டான்னு வெளிய தெரிஞ்சா? நீங்க கேக்கலாம், அத வெளிய சொன்னா, புத்தகத்தால பிள்ளை சாகலைன்னு ஆயிரும், அண்ணாச்சி திரும்பக் கூப்பிடுவாரேன்னு. கூப்பிடுவார். கூப்பிட்டு? பிழை விட்ட அருணகிரின்னுல்ல கூப்பிடுவார்!

அந்தத் தாய், தன் தம்பி மேலேயே போலீஸ்ல எழுதிக் குடுத்திருந்துச்சு. குருசாமி கண்டிப்பான ஆளு, மூத்தவளக் கண்டா ஆகாது, எம்புள்ள மேல காயம் பாத்திருக்கேன்னு. சின்ன மகள, அஞ்சு வயசு, கூட்டிக்கிட்டு மில்லு பக்கத்துல ஒரு தெரிஞ்ச வீட்ல போய் இருந்துக்கிச்சு. அந்தச் சின்னது அக்கா செத்ததுல இருந்து வாயத் தொறக்கிறதில்லையாம். குருசாமி கொஞ்ச நாள் உள்ள இருந்துட்டு ஜாமீன்ல வந்துட்டார். அவர் வக்கீல்தான் என்னைச் சாட்சிக்குப் போட்டது. இன்னைக்குத்தான் சார் கூப்பிட்டாங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுல இருந்துதான் நேரா இந்த பஸ்ஸுக்கு வர்றேன்.

கூண்டுல ஏறினேன். அந்தப் பெட்டியக் கொண்டுவந்து கீழ வெச்சிருந்தாங்க. நான் என்னமோ பெருசா இருக்கும்னு நெனச்சேன். இவ்வளவுதான் சார், இந்த சீட்டு அகலம். மூணாம் வகுப்புப் பிள்ளை, காலை மடக்கினாத்தான் கொள்ளும். கூண்டுக் கம்பியக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன்.

வக்கீல் புத்தகத்தக் காட்டினார். "இந்தப் புத்தகத்தை எழுதியவர் நீங்கதானா?" முப்பத்தோரு வருஷத்துல மொத தடவையா ஒரு சபையில கேக்குறாங்க. ஆமாங்கய்யா, நாந்தான்னேன். டைப் அடிக்கிற அம்மா எழுத்தாளர் அருணகிரின்னு அடிச்சாங்க. "இந்தக் கடிதம் வந்தபடியே அச்சாகியிருக்கிறதா?"ன்னார்.

என்ன சொல்லுவேன்? சத்தியம் பண்ணியிருக்கேன், பொய் சொல்லக் கூடாது. "ஒரு எழுத்துகூட மாத்தலைங்கய்யா"ன்னேன்.

மாத்தலையே சார்! பன்னெண்டு உயிரு, பதினெட்டு மெய்யி, இருநூத்திப் பதினாறு உயிர்மெய்யி, ஒரு ஆய்தம். அதுல எங்கயாவது கமா இருக்கா? அது குறி. எழுத்தை மாத்தினியான்னா இல்லை. சர்க்கார் வக்கீல் எந்திரிச்சு, மூலக் கடிதம் எங்கன்னு கேட்டார். "அச்சானதும் பழைய பேப்பருக்குப் போடுறதுதான் வழக்கம்"னு சொன்னேன். வழக்கம் அதுதானே, நான் என் பழக்கத்தச் சொல்லலை, அவ்வளவுதான். எதிர்ல குருசாமி நின்னுக்கிட்டிருந்தார். என்னையப் பாத்துக் கும்பிட்டார். மரியாதைப்பட்ட ஆளு மாதிரிதான் தெரிஞ்சார்.

வெளிய வராண்டாவுல வந்து தண்ணி குடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அந்த அம்மா ராமத்தாய் வந்துச்சு, சின்னதக் கையில பிடிச்சுக்கிட்டு. இன்னொரு கையில அந்தப் புத்தகம். "சார், நீங்கதான் இத எழுதினவுகளா?"ன்னுச்சு. ஆமாம்மான்னேன். "எனக்கு எழுத்து வாசனை இல்ல சார். கைநாட்டு. உள்ள வக்கீலு படிச்சப்ப மாமான்னு காதுல விழுந்துச்சு, நெஞ்சு திக்குன்னு ஆயிப்போச்சு. அவரு படபடன்னு படிச்சுட்டாரு. எம்புள்ள என்ன எழுதியிருக்குன்னு நீங்க ஒருதரம் நிதானமா வாசிங்க"ன்னுச்சு.

புத்தகத்த வாங்கினேன். எம் பையில, இதோ இந்தப் பையிலதான், அந்தக் கடுதாசி இருக்கு. வாசிச்சேன். அச்சுல எப்படி இருக்கோ அப்படித்தானே சார் வாசிக்க முடியும்? "மாமா" அப்படின்னு சொல்லி நிறுத்தி, மூச்சு விட்டு, அப்புறம் "பெட்டிக்குள்ள போட்டு பூட்டுறாங்க"ன்னு வாசிச்சேன். கமாவுக்கு நிறுத்தாம வாசிச்சா அது வாசிப்பா?

அந்த அம்மா எம் மூஞ்சியவே பாத்துச்சு. "மாமான்னு யாரச் சொல்லுது சார்? எந்தம்பியையா, பொம்மையையா? ஒங்களுக்குத் தெரியும்ல?"ன்னுச்சு.

"மாமாவுக்கு அப்புறம் ஒரு கமா இருக்கும்மா. கமா இருந்தா, கூப்பிடுறதுன்னு அர்த்தம். பொம்மையக் கூப்பிட்டுப் பேசுது"ன்னேன். இலக்கணம் அதுதான் சார். எந்த வாத்தியாரை வேணா கேளுங்க.

அப்படியே சரிஞ்சு உக்காந்துருச்சு. மாரு மாரா அடிச்சுக்கிச்சு. "எங்கூடப் பொறந்தவனப் போயி சந்தேகப்பட்டேனே பாவி! ஜெயில்ல போட்டேனே!"ன்னு அழுதுச்சு. எனக்கே கண்ணு கலங்கிருச்சு. எந்திரிச்சு வாசல்ல நின்ன தம்பிகிட்டப் போயி, அவர் கையப் பிடிச்சுக்கிட்டு என்னமோ சொல்லுச்சு. அவரும் கண்ணத் தொடச்சுக்கிட்டார். ஒரு ஆட்டோவக் கூப்பிட்டார். வீட்டுக்கு வந்துரு அக்கா, ஊர்ல எதுக்குத் தனியாக் கெடந்து சீப்படணும்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு. சமாதானம் ஆயிட்டாங்க. நல்லதுதானே?

சின்னதுதான் ஏற மாட்டேன்னுருச்சு. ஆட்டோ கம்பிய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, கத்தலை, அழலை, சும்மா பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. வெரலு வெளுத்துப் போச்சு. அந்த அம்மா, "மாமா வீட்டுக்குத்தாண்டி"ங்குது. விடலை. அப்புறம் அவர்தான் ஒவ்வொரு வெரலா எடுத்துவிட்டு, தூக்கி உள்ள வெச்சார். பிள்ளைகன்னா அடம் பிடிக்கும். ஆட்டோ போயிருச்சு. நானும் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு வந்துட்டேன். அவங்க போயி ஒரு மணி நேரம் இருக்குமா? அதுகூட இருக்காது.

ஏன் சார் அப்படிப் பாக்குறீங்க? நான் என்ன பண்ணினேன்? பொய் ஒண்ணு சொல்லியிருக்கேனா, காட்டுங்க.

கடுதாசியா? இருக்குன்னேனே. இந்தாங்க, அகராதிக்குள்ள வெச்சிருக்கேன், கசங்கக் கூடாதுல்ல. பாத்து, தாள் மெல்லிசு. பென்சில் எழுத்து. வாய்விட்டு வாசிக்கிறீங்களா? வாசிங்க.

நிறுத்தாம வாசிக்கிறீங்க சார். மாமாவுக்கு அப்புறம்... ஆமா. நிறுத்தாமத்தான் இருக்கு.

இன்னொருதரம் வேணாம் சார். போதும்.

எதுக்கு எந்திரிக்கிறீங்க? இது மல்லி சார், சாத்தூர் இன்னும் எவ்வளவு தூரம் கெடக்கு! கண்டக்டர், இவர் எறங்கணுங்கிறார், கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. சார், அந்தக் கடுதாசி. அது மூலம் சார், ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பிப் போற பஸ்ஸு எதிர்த்தாப்புல நிக்கும், அந்த வேப்ப மரத்துக்கிட்ட. சார், ஒரு நிமிசம்! பின்பக்கம் திருப்பிப் பாருங்க. விலாசம் இருக்கு. வீட்டு நம்பர், தெரு, பிள்ளையார் கோவில் பக்கம்னு எல்லாம் போட்டிருக்கா. தெளிவாத்தான் எழுதியிருக்கா சார்.